ரூமா கிணறும் ஒரு டாலர் மருந்தும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

நபி (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து மதீனாவுக்கு வந்தபோது, அந்நகரில் சுவையான குடிநீர் தந்த கிணறு ரூமா என்பதாகும். அது தனியொருவரின் உடைமையாக இருந்தது. நீர் வேண்டுவோர் விலை கொடுத்தே பெற வேண்டும். ஹிஜ்ரத் செய்து வந்த முஹாஜிர்களோ வீடு, வாசல், வணிகம் அனைத்தையும் விட்டு வந்தவர்கள். தாகம் அனைவருக்கும் பொது. விலை கொடுக்கும் ஆற்றல் சிலருக்கே இருந்தது.

அந்தக் கிணற்றை வாங்கி மக்களுக்கு அளிப்பவருக்குச் சுவனத்தில் அதைவிடச் சிறந்தது உண்டு என்று நபியவர்கள் அறிவித்தார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் தம் செல்வத்தைக் கொண்டு அதை வாங்கி வக்ஃப் செய்தார்கள். இச்செய்தியை நாம் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். ஆனால் நபியவர்கள் இட்ட நிபந்தனையை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வாங்குபவரின் வாளியும் மற்ற முஸ்லிம்களின் வாளியும் அக்கிணற்றில் சமமாக இருக்க வேண்டும் என்பதே அந்நிபந்தனையின் பொருள். கிணற்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, விரும்பிய நாளில் விரும்பியவருக்கு ஒரு குடம் நீர் வழங்குவதும் நன்மைதான். ஆயினும் உஸ்மான் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது அதுவன்று. தாகத்துக்கும் தண்ணீருக்கும் இடையே நின்ற விலையை அகற்றுவதே கேட்கப்பட்டது.

இன்று நீரின் இடத்தில் மருந்தை வைத்துப் பார்ப்போம்.

இரண்டு விழுக்காடு

நம் நாட்டில் 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், அதன் 135ஆம் பிரிவில் ஒரு கடமையை விதித்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்றுமுதலோ இலாபமோ உடைய நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். இதுவே ‘நிறுவன சமூகப் பொறுப்பு’ எனப்படுகிறது. 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் உள்ளது. மருந்து நிறுவனங்களும் இதன்படி பள்ளிகளுக்குக் கட்டடம், ஊர்களுக்குக் குடிநீர், இலவச மருத்துவ முகாம் என்று செலவிடுகின்றன. அவை பயனுள்ள பணிகள் என்பதில் ஐயமில்லை.

எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஒரு மருந்து நிறுவனத்தின் பொறுப்பு, இலாபம் ஈட்டி முடித்த பிறகு தொடங்குகிறதா? அல்லது மருந்துக்கு விலை குறிக்கும் அந்த நேரத்திலேயே தொடங்குகிறதா?

நம் முன்னோர் இதற்கு விடை வைத்திருந்தார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வணிகர். குறையுள்ள ஒரு துணியைக் குறையைச் சொல்லாமல் அவர்களுடைய கூட்டாளி விற்றுவிட்டபோது, வாங்கியவரைக் கண்டறிய இயலாத நிலையில், அதன் தொகை முழுவதையும் தர்மம் செய்தார்கள் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. விற்பனையில் நேர்ந்த தவறுக்குப் பரிகாரமாகவே அந்தத் தர்மம் அமைந்தது. தவறான விற்பனைக்கு அதை அவர்கள் அனுமதிச் சீட்டாக ஆக்கிக்கொள்ளவில்லை.

மருந்தகமும் மருத்துவமனையும்

இஸ்லாமிய நாகரிகத்தில் மருந்து இரண்டு காவல்களுக்குள் இருந்தது. ஒன்று ஹிஸ்பா, மற்றொன்று வக்ஃப்.

சந்தையைக் கண்காணித்த முஹ்தஸிப், எடைக்கற்களையும் அளவுப் படிகளையும் சோதித்ததோடு, மருந்துச் சரக்கு விற்போரையும் சர்பத் காய்ச்சுவோரையும் கண்காணித்தார். 12ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டைச் சேர்ந்த அஷ்ஷைஸரீ, முஹ்தஸிபுகளுக்காக எழுதிய கையேட்டில் இதற்கென அத்தியாயங்களை ஒதுக்கினார். எந்தச் சரக்கில் எதைக் கலந்து ஏமாற்றுவார்கள், அதை எவ்வாறு கண்டறிவது என்று விளக்கினார்.

வக்ஃபின் சிறப்பைக் கெய்ரோவில் காணலாம். பின்னாளில் எகிப்தின் சுல்தானான கலாவூன், திமிஷ்கில் நோயுற்றபோது, அங்கு நூருத்தீன் நிறுவிய மருத்துவமனையின் மருந்துகளால் குணமடைந்தார். அல்லாஹ் ஆட்சியைத் தந்தால் இத்தகைய மருத்துவமனை ஒன்றை எழுப்புவேன் என்று நேர்ந்துகொண்டார். 1284இல் கெய்ரோவில் மன்சூரி மருத்துவமனை எழுந்தது. ஆண், பெண், செல்வர், வறியவர் என்ற வேறுபாடின்றி அங்கே சிகிச்சை அளிக்கப்பட்டது. அதன் செலவுக்காகக் கடைகளும் நிலங்களும் வக்ஃப் செய்யப்பட்டன. நோயாளி எவருடைய தயவையும் நாடி நிற்க வேண்டியதில்லை. வக்ஃபு சாசனமே அவருக்கு உரிமையை அளித்தது.

இந்த மரபைப் பெருமை பேசுவதற்காக நினைவூட்டவில்லை. நம் காலத்தில், நம் நாட்டில், மருந்தின் விலையைப் பற்றி எழுந்த ஒரு பெரும் வழக்கைப் புரிந்துகொள்ள இது உரைகல்லாக உதவும்.

அலீகரிலிருந்து பம்பாய்க்கு

குவாஜா அப்துல் ஹமீத் 1898இல் அலீகரில் பிறந்தவர். தேசிய இயக்கத்தின் தாக்கத்தில் வளர்ந்தவர். பெர்லின் நகரில் வேதியியல் பயின்று முனைவர் பட்டம் பெற்றார். பின்னாளில் குடியரசுத் தலைவரான டாக்டர் ஜாகிர் ஹுசைன் அவருடைய நண்பர். ஐரோப்பாவில் வாழ்ந்தபோது லித்துவேனியாவைச் சேர்ந்த யூதப் பெண்மணி ஒருவரை மணந்தார்.

தாயகம் திரும்பிய ஹமீத், 1935இல் பம்பாயில் சிப்லா நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நாளில் நவீன மருந்துகள் பெரும்பாலும் கப்பலில் வந்து இறங்கின. இந்தியர் தமக்கு வேண்டிய மருந்தைத் தாமே செய்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய நோக்கம். 1939 ஜூலையில் காந்தியடிகள் அத்தொழிற்சாலைக்கு வந்து பார்வையிட்டார். சில வாரங்களில் உலகப் போர் மூண்டது. இறக்குமதி தடைப்பட்ட அந்நாட்களில் உள்நாட்டு உற்பத்தியின் அருமை அனைவருக்கும் விளங்கியது.

அவருடைய மகன் யூசுஃப் ஹமீத் 1936இல் பிறந்தார். கேம்பிரிட்ஜில் நோபல் அறிஞர் அலெக்சாண்டர் டாடிடம் வேதியியல் ஆய்வு செய்து, 1960இல் தந்தையின் நிறுவனத்தில் சேர்ந்தார்.

ஒரு சட்டத்தின் கதை

விடுதலைக்குப் பின்னரும் 1911ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலக் காப்புரிமைச் சட்டமே தொடர்ந்தது. ஒரு மருந்துக்கு வெளிநாட்டு நிறுவனம் காப்புரிமை பெற்றுவிட்டால், இந்தியாவில் வேறு எவரும் அதைச் செய்ய இயலாது. உரிமையாளர் இங்கே உற்பத்தியும் செய்யமாட்டார், குறைந்த விலைக்கு விற்கவும் மாட்டார்.

இதை ஆராயும் பொறுப்பை அரசு ஒரு தமிழரிடம் ஒப்படைத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கி, பின்னர் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற என். இராஜகோபால ஐயங்கார் அவர்களே அவர். 1959இல் அவர் அளித்த அறிக்கை, 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்துக்கு அடித்தளமாயிற்று. 1972இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்படி, மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு. அதுவும் அதிகம் போனால் 7 ஆண்டுகளே. வேறொரு முறையில் அதே மருந்தைச் செய்ய இந்திய வேதியியலாளருக்கு வழி திறந்தது. மருந்து விலை இறங்கியது. இன்று நம் ஊர் மருந்துக்கடையில் வாங்கும் பல மாத்திரைகளின் விலைக்குப் பின்னே இந்தச் சட்டம் நிற்கிறது.

கொள்ளைநோயும் எட்டாத மருந்தும்

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தார்கள். மறு ஆண்டு அமெரிக்காவில் ஏ.இஸட்.டி. என்னும் முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. 1996 அளவில், மூன்று மருந்துகளைச் சேர்த்து உட்கொண்டால் நோயாளி நீண்ட நாள் வாழ இயலும் என்பது உறுதியாயிற்று. செல்வ நாடுகளில் மரணப் படுக்கையில் கிடந்தோர் எழுந்து நடந்தனர்.

ஆனால் அம்மூன்று மருந்துகளின் விலை, ஒருவருக்கு ஓராண்டுக்கு 10,000 முதல் 15,000 டாலர் வரை. நோயாளிகளில் பெரும்பாலோர் வாழ்ந்த ஆப்பிரிக்காவிலோ பல நாடுகளில் மக்களின் வருவாய் ஆண்டுக்குச் சில நூறு டாலர்களே. சஹாராவுக்குத் தெற்கே இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் தொற்றுடன் வாழ்ந்தனர். அவர்களில் மருந்து கிடைத்தவர்கள் மிகச் சொற்பம். மருந்து இருந்தது, நோயாளியும் இருந்தார், இடையில் விலை நின்றது. ரூமா கிணற்றைப் போன்ற நிலைதான்.

பெரு நிறுவனங்கள் எதுவுமே செய்யவில்லை என்று கூறுவது நீதியாகாது. 2000 மே மாதத்தில் ஐந்து நிறுவனங்கள் ஐ.நா. அமைப்புகளுடன் சேர்ந்து விலைக் குறைப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தன. ஆனால் ஒவ்வொரு நாடும் தனித்தனியே பேச்சு நடத்த வேண்டியிருந்தது. காலம் கடந்தது. கபர்கள் பெருகின.

பிரஸ்ஸல்ஸ் முதல் தோஹா வரை

2000 செப்டம்பர் 28 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரில் ஐரோப்பிய ஆணையம் கூட்டிய கூட்டத்தில் யூசுஃப் ஹமீத் பேசினார். மூன்று வாக்குறுதிகளை அளித்தார். மூன்று மருந்துகளையும் ஆண்டுக்கு 800 டாலருக்குத் தருவதாகச் சொன்னார். தாமே மருந்து செய்ய விரும்பும் அரசுகளுக்கு அந்தத் தொழில்நுட்பத்தை இலவசமாகத் தருவதாகச் சொன்னார். தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தையும் இலவசமாக அளிப்பதாகச் சொன்னார். அவையில் பெரிய வரவேற்பு எழவில்லை. அரசுகள் தேடி வரவுமில்லை.

அவர் அத்துடன் நிற்கவில்லை. 2001 பிப்ரவரியில் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலர் என்ற விலையை அறிவித்தார். நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு! அச்செய்தி அமெரிக்க நாளேடுகளின் முதல் பக்கத்தில் வந்தபோது உலகம் திகைத்தது. 10,000 டாலர் மருந்தை 350 டாலருக்குத் தர இயலும் என்றால், எஞ்சிய தொகை எதற்கான விலை என்ற கேள்வி எழுந்தது.

மற்றொரு நன்மையும் விளைந்தது. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் ஆகிய மூன்று மருந்துகளின் உரிமையும் மேலை நாடுகளில் மூன்று வெவ்வேறு நிறுவனங்களிடம் இருந்தது. எனவே அவற்றை ஒரே மாத்திரையாக அங்கே எவரும் செய்யவில்லை. பொருளுக்குக் காப்புரிமை இல்லாத இந்தியாவில் அது இயன்றது. சிப்லா அவற்றை ‘ட்ரையோமியூன்’ என்னும் ஒரே மாத்திரையாக்கியது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. எழுத்தறியாத தாய்க்கும் மறவாமல் உட்கொள்ள அது எளிதாயிற்று.

அதே வேளையில் தென்னாப்பிரிக்காவில் வேறொரு போராட்டம் நடந்தது. விலை குறைந்த மருந்தை இறக்குமதி செய்ய வழிவகுத்த அந்நாட்டுச் சட்டத்தை எதிர்த்து, 1998இல் மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்திருந்தன. 2001 மார்ச்சில் விசாரணை தொடங்கியபோது வழக்காடியவை 39 நிறுவனங்கள். நோயாளிகள் வீதிக்கு வந்தனர். உலகெங்கும் கண்டனம் எழுந்தது. ஏப்ரல் 19 அன்று நிறுவனங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. அவ்வாண்டு நவம்பரில் கத்தாரின் தோஹாவில் கூடிய உலக வர்த்தக அமைப்பு, பொதுச் சுகாதாரத்தைக் காக்க நாடுகள் எடுக்கும் நடவடிக்கைகளைக் காப்புரிமை ஒப்பந்தம் தடுக்கலாகாது என்று பிரகடனம் செய்தது.

நம் நாட்டில் 2004 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளில் இம்மருந்துகள் இலவசமாக வழங்கப்படலாயின. தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவற்றுள் சென்னை தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. இன்று உலகில் மூன்று கோடிக்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி. மருந்து உட்கொண்டு வாழ்கிறார்கள். வளரும் நாடுகளுக்குச் செல்லும் அம்மருந்தின் பெரும்பகுதி இந்தியத் தொழிற்சாலைகளில் உருவாகிறது. ஆண்டு விலையும் 100 டாலருக்குக் கீழே இறங்கிவிட்டது.

இது களவா?

இங்கே ஒரு நேர்மையான கேள்வியை எதிர்கொள்ள வேண்டும். ஒருவர் பெரும் பொருள் செலவிட்டுக் கண்டறிந்த மருந்தை மற்றவர் செய்து விற்பது அநீதி அன்றோ? மேலை நிறுவனங்கள் அவ்வாறே குற்றம் சாட்டின.

ஷரீஅத் அறிவுசார் உரிமையை மறுக்கவில்லை. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, கண்டுபிடிப்புகளுக்கும் நூல்களுக்கும் உரியவர்களின் உரிமை மார்க்க அடிப்படையில் மதிக்கத்தக்கது, அதில் அத்துமீறல் கூடாது என்று தீர்மானித்தது. ஆகவே உரிமை உண்டு. ஆனால் மார்க்கத்தில் எந்த உடைமையும் வரம்பற்றதன்று. மக்கள் தேவையில் தவிக்கும்போது விலையேற்றத்துக்காக உணவுப்பொருளைப் பதுக்குபவரைப் பாவி என்று நபியவர்கள் கண்டித்தார்கள். அந்தத் தானியம் அவருடைய சொந்தப் பொருள்தான். இருந்தும் பிறர் உயிரை நெருக்குவதற்கு அவ்வுடைமை அவருக்கு உரிமை தரவில்லை. தீங்கு அகற்றப்பட வேண்டும் என்பதும், நெருக்கடி நிலை சில தடைகளைத் தளர்த்தும் என்பதும் ஃபிக்ஹின் அடிப்படை விதிகள்.

மேலும் யூசுஃப் ஹமீத் நாட்டின் சட்டத்தை மீறவில்லை. 1970ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்ததையே செய்தார். கண்டுபிடித்தவருக்கு உரிய பங்குத்தொகை அளித்து, எவரும் மருந்து செய்ய அனுமதிக்கும் முறை வேண்டும் என்பதையே அவர் தொடர்ந்து வலியுறுத்தினார். கண்டுபிடிப்பாளரின் உழைப்புக்கு மதிப்பு, நோயாளியின் உயிருக்குப் பாதுகாப்பு என இரண்டையும் காக்கும் வழி அது.

கண்டுபிடித்தவரே வழிவிட்ட வரலாறும் உண்டு. ஆப்பிரிக்க ஆற்றங்கரைகளில் பார்வையைப் பறித்த ‘ஆற்றுக் குருடு’ நோய்க்கு மெர்க் நிறுவனம் ஐவர்மெக்டின் மருந்தை உருவாக்கியது. வாங்க வேண்டியவர்களிடம் பணமில்லை. 1987இல் அந்நிறுவனம், தேவைப்படும் அளவு மருந்தைத் தேவைப்படும் காலம்வரை இலவசமாகத் தருவதாக அறிவித்து, இன்றுவரை வழங்கி வருகிறது. நன்மை யாரிடமிருந்து வந்தாலும் நன்மை என்று சொல்வதே முஃமினின் பண்பு.

தராசின் மறுதட்டு

சிப்லாவை வலிமாரின் வரிசையில் வைப்பது நம் நோக்கமன்று. அது ஒரு வணிக நிறுவனம், இலாபம் ஈட்டியது. உள்நாட்டில் சில மருந்துகளுக்கு நிர்ணயித்ததைவிட அதிக விலை பெற்றதாக விலைக் கட்டுப்பாட்டு அமைப்பு அதனிடம் பெருந்தொகை கோரியது. அவ்வழக்கு நீதிமன்றங்களில் நீண்ட காலம் நடந்தது. ட்ரையோமியூனில் இருந்த ஸ்டாவுடின் நரம்புகளைப் பாதிப்பது தெரியவந்ததால், 2009இல் உலக சுகாதார அமைப்பு அதைப் படிப்படியாகக் கைவிடப் பரிந்துரைத்தது. 2005 முதல் நம் நாட்டிலும் மருந்துப் பொருள்களுக்குக் காப்புரிமை வந்துவிட்டது. புற்றுநோய் மருந்துகளின் விலையைக் கேட்டு மயங்கி நிற்கும் குடும்பங்களை நாம் அறிவோம். கிணறு மீண்டும் தனியார் வசமாகி வருகிறது.

ஆயினும் 2001இன் படிப்பினை மாறாது. அந்த விலைக் குறைப்பு 2 விழுக்காட்டுக் கணக்கில் எழுதப்பட்ட தர்மமன்று. வணிகத்துக்குள்ளேயே, விலைச்சீட்டிலேயே நிகழ்ந்த நீதி. ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதர் அனைவரையும் வாழவைத்தவர் போலாவார் என்று அல்மாயிதா சூராவின் 32ஆம் வசனம் உணர்த்தும் கருத்தை, ஒரு வேதியியலாளர் தம் தொழிற்சாலையில் வைத்து நமக்குக் காட்டினார்.

நமக்கு என்ன?

நம்மில் பலர் மருந்துக்கடை நடத்துகிறோம். நம் பிள்ளைகள் பலர் மருந்தியல் படித்து நிறுவனங்களில் பணிபுரிகிறார்கள். அதே மூலப்பொருளுடைய விலை குறைந்த மாத்திரை இருப்பதை, மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம் என்பதை, கேட்கத் தெரியாத மூதாட்டிக்கு எடுத்துச் சொல்வது கடைக்காரரின் அமானிதம். அதனால் அன்றைய விற்பனை சில ரூபாய் குறையலாம். ரமளானில் அவர் தரும் ஸதகாவுக்கு முன்பே, கல்லாப்பெட்டியருகில் எழுதப்படும் நன்மை அது.

ஒவ்வொரு ஜமாஅத்திலும் சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் ஆகியவற்றுக்கு மாதந்தோறும் மருந்து வாங்க இயலாமல், ஒரு வேளை மாத்திரையை இரண்டாகப் பிட்டு உண்பவர்கள் இருக்கிறார்கள். பள்ளிவாசல் வக்ஃபுகளில் ஒரு பங்கை மருந்துக்கென ஒதுக்குவது நமக்குப் புதியதன்று. கெய்ரோவில் 700 ஆண்டுகளுக்கு முன் நடந்ததுதான்.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். எச்.ஐ.வி. நோயாளியின் வீட்டுத் திருமணத்தைத் தவிர்த்தவர்களும், அவருடைய ஜனாஸாவைக் குளிப்பாட்டத் தயங்கியவர்களும் நம் மஹல்லாக்களிலும் உண்டு. கணவரிடமிருந்து நோயைப் பெற்ற பெண்ணையும், பிறக்கும்போதே பெற்ற குழந்தையையும்கூட நாம் விலக்கினோம். மருந்தின் விலை இறங்கிவிட்டது. நம் உள்ளங்கள் அவர்களுக்கு விதித்த விலையும் இறங்க வேண்டும்.

உஸ்மான் (ரலி) அவர்களின் வாளி மற்றவர்களின் வாளியோடு சமமாக அக்கிணற்றில் இறங்கியது. நம் கையிலுள்ள கடை, கல்வி, பதவி, செல்வம் ஆகியவற்றுள் எது பிறருடைய தாகத்துக்கு முன்னே விலையாக நிற்கிறது என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்வோமாக. நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக. நம் சம்பாத்தியத்தை ஹலாலாகவும் பிறருக்கு நிழலாகவும் ஆக்குவானாக. ஆமீன்.

வல்லாஹு அஃலம்.